தண்டல் நோட்டும் நியூட்டன்-ராப்சனும்

கேள்வி: மேடம், நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் பி.எட். முடித்து டீச்சர் ஆகச் சொல்கிறார்கள். எனக்கு வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி இடங்களில் கணக்கை வைத்துச் செய்யும் வேலைக்குப் போக ஆசை. வெளிநாட்டில் ‘நிதிக்கும் மேலாண்மைக்குமான கணிதம்’ என்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறதாம். வெறும் கணிதம் எடுத்துத் தப்புப் பண்ணிவிட்டேனா? சித்தப்பா எம்.பி.ஏ. போ என்கிறார். சீனியர் அக்கா, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கணக்குப் போடும் ஆக்சுவரி வேலைக்கான பரீட்சை எழுது என்கிறார். கூடப் படிக்கும் பையன் ஒருவன், கணக்கு தெரிந்தால் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங்கில் மாதம் 50,000 எடுக்கலாம் என்கிறான். ரியல் அனாலிசிஸ் எல்லாம் நிதி வேலைக்கு உதவுமா? ஆங்கிலமும் எனக்குத் தகராறுதான்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

தப்பு ஒன்றும் பண்ணவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு பயத்திலிருந்து கிளம்பியவை மாதிரி இருக்கின்றன. நான் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆக்சுவரி பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். நானும் பி.எஸ்சி. கணிதம்தான். உங்கள் ஊர் மாதிரி ஓர் ஊரில், மின்விசிறி பாதி நாள் சுற்றாத வகுப்பறையில் படித்தவள்.

பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் நீங்கள் சொன்ன மாதிரிப் பெயரில் பட்டம் தருகின்றன. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு, புள்ளியியல் என்று தொடங்கும். அப்புறம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (இருப்பதை வைத்து அதிகப் பலன் எடுக்க வழி தேடும் கணக்கு), கணக்குப்பதிவியல், வட்டிக் கணக்கு, கொஞ்சம் கோடிங். இதில் பாதிக்கு மேல் உங்கள் கல்லூரிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அந்தக் கணக்கு எந்தப் பணத்தின் மேல் போய் உட்காருகிறது என்று யாரும் உங்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். அதை உங்கள் வீட்டிலிருந்தே காட்டப் பார்க்கிறேன்.

டீக்கடை என்றால் அப்பா எப்போதாவது தண்டல் வாங்கியிருப்பார். வாங்காத டீக்கடைக்காரரை நான் பார்த்ததில்லை. 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் கையில் 9,000 தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் பைக்கில் ஓர் ஆள் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு சின்ன நோட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வட்டி எவ்வளவு அண்ணே என்று கேட்டால் ‘பத்துப் பர்சன்ட்தான்’ என்பார்.

போட்டுப் பார்ப்போம். கையில் வந்தது 9,000. கூடுதலாகக் கட்டுவது 1,000. அதாவது 11.1 சதவீதம், அதுவும் 100 நாளுக்கு. 365 நாளுக்கு நீட்டினால் 40.6 சதவீதம். கணக்கில் கொஞ்சம் சூட்டிகையான யாரும் இதுவரை வந்துவிடுவார்கள். ஆனால் இதுவும் சரியில்லை. அந்த 9,000 ரூபாயும் 100 நாள் முழுக்க அப்பாவிடம் இல்லையே! மறுநாளே 100 ரூபாய் திரும்பிப் போய்விட்டது. ஐம்பதாவது நாள் பாதித் தவணை முடிந்துவிட்டது. சராசரியாக அவர் கையில் இருந்தது பாதிப் பணம்தான். அப்படியென்றால் உண்மையான வட்டி 40-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று மனசுக்குத் தோன்றும். எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் பதினொன்றாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர் வருகிறது. ஒரு நாள் வட்டி வீதத்தை ‘வ’ என்று வையுங்கள். நாளைக்குக் கட்டும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு, 100-ஐ (1+வ)-ஆல் வகுத்தால் வருவது. நாளை மறுநாள் கட்டுவதை (1+வ)-இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இப்படியே 100 உறுப்புகள். எல்லாவற்றையும் கூட்டினால் 9,000 வர வேண்டும். கூட்டுத்தொகைக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்து வ-வை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு பக்கம் கொண்டுவர முடியாது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பாருங்கள், அப்போதுதான் அடுத்த வரியின் அருமை தெரியும். உங்கள் நியூமரிக்கல் மெத்தட்ஸ் தாளில் நியூட்டன்-ராப்சன் முறை என்று ஒன்று இருக்கிறதே, பத்து மார்க் கேள்விக்காக எல்லாரும் மனப்பாடம் செய்வார்களே, அதை எடுங்கள். தோராயமான ஒரு விடையில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று திருத்திச் சரியான விடையை நெருங்கும் முறை அது. வ = 0.002 என்று ஆரம்பித்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே 0.002126 பக்கம் வந்து நின்றுவிடும். 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 77.6 சதவீதம். தண்டல்காரர் சொன்ன பத்து, வீட்டுக் கணக்கில் 40 ஆகி, சரியாகப் போட்டால் 77-க்கு மேல் போய் நிற்கிறது.

வங்கிகளில் இதற்கு ஏ.பி.ஆர்., அதாவது ஆண்டுச் சதவீத வீதம் என்று பெயர். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான கடன்களுக்கும், எல்லா முக்கிய விவரங்களையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், கட்டணங்கள் எல்லாம் சேர்த்த ஆண்டு வீதமும் அதில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அந்த வீதத்தை ஒருவர் கணக்கிடுகிறார், இன்னொருவர் சரிபார்க்கிறார். நீங்கள் ஆசைப்படும் வேலை அந்த இருவரில் ஒருவருடையதாக இருக்கலாம்.

போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் ‘ரேட்’ என்ற ஃபார்முலாவுக்குள் 100, -100, 9000 என்று மூன்று எண்களைக் கொடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வரும். பிறகு எதற்கு நியூட்டன் என்பீர்கள். பொங்கலுக்கு நாலு நாள் கடை மூடித் தவணை விட்டுப்போனால், அதற்கு அபராதம் சேர்ந்தால் அந்த ஃபார்முலா கைவிட்டுவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டும்தான் அதற்கு மேல் போக முடியும். நிஜத்தில் வரும் கடன்கள் எல்லாம் நாலு நாள் கடை மூடிய கடன்கள்தான்.

இன்னொன்றும் உங்கள் வீட்டுக் கணக்குதான். அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்துகொண்டிருக்கும். மூன்று வருடம், 36 மாதம் என்றால் 36,000. இதையே முதல் நாளில் மொத்தமாகக் கொடுப்பதென்றால் எவ்வளவு கொடுத்தால் நியாயம்? மாதம் அரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மேலே போட்ட அதே தொடர்தான். விடை 32,871 ரூபாய்.

சரி, இப்போது கொஞ்சம் சிக்கலாக்குவோம். சேர்ந்த எல்லாரும் 36 மாதமும் படிப்பதில்லை. கல்யாணம், உடம்பு, வீட்டு நிலைமை என்று நடுவில் நிற்பவர்கள் உண்டு. படிப்பு நின்றால் பணமும் நிற்கும். ஒரு பேச்சுக்கு, மாதா மாதம் நூறில் ஒருவர் நின்றுவிடுகிறார் என்று வைப்போம். இது நிஜப் புள்ளிவிவரம் இல்லை, கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது. அப்போது ஒவ்வொரு மாதத்துத் தொகையையும், அந்த மாதம்வரை அவர் படிப்பில் இருப்பதற்கான நிகழ்தகவால் பெருக்க வேண்டும். முதல் மாதம் 0.99, அடுத்த மாதம் 0.99-இன் வர்க்கம், அதற்கடுத்து கனம். மறுபடியும் பெருக்குத் தொடர்தான், பொது விகிதம் மட்டும் மாறியிருக்கிறது. விடை 27,591 ரூபாய்.

நான் இருபது வருடமாகச் செய்வது இதைத்தான். ‘படிப்பில் இருப்பது’ என்ற இடத்தில் ‘உயிரோடு இருப்பது’ என்று போட்டால் அது ஓய்வூதியத் திட்டம். ‘இந்த வருடம் இறப்பது’ என்று போட்டால் ஆயுள் காப்பீடு. ‘பாலிசியைப் பாதியில் விடாமல் கட்டுவது’ என்று போட்டால் எங்கள் மேலதிகாரி வாரா வாரம் கேட்கும் ரிப்போர்ட். தொடரைக் கூட்டுவது கடினமே இல்லை. 0.99 என்ற அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, அது 0.985 ஆகிவிட்டால் நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

அதனால் என் முதல் ஆலோசனை, புள்ளியியலை ‘அலைடுதானே’, துணைப் பாடம்தானே என்று விடாதீர்கள். கணிதம் படிக்கும் பிள்ளைகள் மேஜர் தாளுக்கு உயிரைக் கொடுத்துவிட்டு அலைடை முந்தின ராத்திரி புரட்டுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், பிறகு அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டினேன். நிபந்தனை நிகழ்தகவு, எதிர்பார்ப்பு மதிப்பு, பரவல்கள், ரெக்ரெஷன் ஆகியவை விரல் நுனியில் இருக்க வேண்டும். வங்கியில் ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பதும் இந்தப் பாடத்தின் நீட்சிதான்.

இரண்டாவது, பணத்தின் பாஷை. என் முதல் நேர்முகத் தேர்வு ஒரு நிதி நிறுவனத்தில். கணக்கில் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்ற தெனாவட்டில் போய் உட்கார்ந்தேன். “டெபிட் என்றால் என்னம்மா?” என்று கேட்டார் ஒரு பெரியவர். “கழிப்பது சார்” என்றேன். “அப்படியா? நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் கம்ப்யூட்டர் கணக்கில் டெபிட் போடுகிறோமே, எதைக் கழிக்கிறோம்?” என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. வெளியே வந்ததும் பழைய புத்தகக் கடையில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகம் ஒன்று வாங்கினேன். இப்போது அதற்குக்கூடக் காசு வேண்டாம். தமிழ்நாடு அரசின் கணக்குப்பதிவியல் பாடநூல் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பற்று, வரவு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு வரை இந்தக் கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். முடித்ததும் அப்பா கடைக்கு ஓர் இருப்புநிலைக் குறிப்பு போட்டுப் பாருங்கள். பாய்லரின் மதிப்பு என்ன, ‘நாளைக்குத் தரேன்’ என்று குடித்துவிட்டுப் போனவர்களின் பாக்கியை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசிக்கும்போது புத்தகத்தில் புரியாத பலதும் புரியும்.

மேலாண்மைக்கான கணிதம் என்று கேட்டிருந்தீர்கள். அதில் பெரும்பகுதி ஆபரேஷன்ஸ் ரிசர்ச்தான். விருப்பப் பாடமாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விடை காணப் பயன்படும் சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைக் கையால் போடும் வித்தையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அதற்குப் பின்னால் வரும் நிழல் விலை என்ற கருத்தை. பால் தட்டுப்பாடான நாளில் இன்னும் ஒரு லிட்டர் கிடைத்தால் அப்பாவுக்கு லாபம் எவ்வளவு கூடும்? அதுதான் அந்த லிட்டருக்கு நிழல் விலை. வழக்கமான விலைக்கு மேல் அதுவரை கூட்டிக் கொடுத்து வாங்கலாம், அதைத் தாண்டினால் அன்றைக்குக் கடன் டீ கேட்பவரிடம் பால் இல்லை என்று சொல்லிவிடுவது உத்தமம். தொழிற்சாலை மேனேஜர் ஓவர்டைம் கொடுக்கலாமா என்று கேட்பதும் இதே கேள்விதான்.

ரியல் அனாலிசிஸ் விஷயத்தில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் வரும் எப்சிலான்-டெல்டா நிரூபணம் எந்த நாளும் என் மேசைக்கு வந்ததில்லை. ஆனால் ஒன்று. எங்கும் தொடர்ச்சியாக இருந்து எங்குமே வகையிட முடியாத சார்பு ஒன்றை, அதாவது எங்கும் அறுபடாமல் ஆனால் எங்குமே வழவழப்பாக இல்லாத ஒரு கோட்டை, அந்தத் தாளில் பார்ப்பீர்கள், அல்லது ஆசிரியர் ‘சாய்ஸில் விட்டுவிடலாம்’ என்பார். விடாதீர்கள். வயர்ஸ்ட்ராஸ் 1872-இல் அதைக் காட்டியபோது கணிதக்காரர்களுக்கே அது ஒரு விகாரப் பிராணி மாதிரித் தெரிந்தது. 1900-இல் பாரிஸில் லூயி பாஷ்லியே என்பவர் பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் கணிதத்தால் எழுதித் தம் ஆய்வேடாகக் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட அந்த அலையும் கோடு, பிற்பாடு பிரவுனியன் இயக்கம் என்று கறாராக வரையறுக்கப்பட்டபோது, அதே விகாரப் பிராணியின் ஜாதி என்று தெரிந்தது. ஆப்ஷன்களுக்கு விலை போட 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் நிற்பதும் அதே வகைக் கோட்டின் மேல்தான். முதுகலையில் நிதிக் கணிதம் எடுத்தால் அங்கே அனாலிசிஸ் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவுக்கு இப்படி ஒரு கதை என்னிடம் இல்லை. தேர்வுக்குப் படித்து நல்ல மார்க் வாங்கிவிடுங்கள்.

ஆப்ஷன் டிரேடிங் பையனைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளின் தரவை வைத்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு ஓர் ஆய்வு செய்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். எதிர்பார்ப்பு மதிப்பு என்ற பாடத்தை அந்தத் தம்பி எந்த நாளில் கட் அடித்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி பட்டத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் போவது.

என் கண்ணுக்கு உங்களுக்கு முதலில் படுவது, புள்ளியியல் அல்லது நிதிக் கணிதப் பக்கம் ஒரு நல்ல எம்.எஸ்சி. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறை குவாண்டிடேடிவ் ஃபைனான்ஸில் எம்.எஸ்சி. நடத்துகிறது. சேர்க்கை கியூட் பி.ஜி. தேர்வு வழியாக. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். வீட்டில் அனுமதி வாங்க அதுவும் ஒரு காரணம் ஆகும். ஐ.ஐ.டி.க்களுக்கு ஜாம் தேர்வு இருக்கிறது. அதில் கணிதம் ஒரு தாள், கணிதப் புள்ளியியல் தனித் தாள். மகலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு நிஜமாகவே கடினம், ஆனால் கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. டீக்கடை வீட்டுப் பெண் அந்தக் கதவைத் தட்டாமல் விடக் கூடாது என்பேன். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்திலும் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி. இருக்கிறது. இந்தத் தேர்வுகளின் பழைய கேள்வித்தாள்களை இன்றைக்கே எடுத்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை பத்தில் இரண்டு வந்தாலே பரவாயில்லை. எது தெரியவில்லை என்பது தெரிந்துவிடும், கையில் இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

ஆக்சுவரி. சீனியர் அக்கா சொன்னது நல்ல யோசனைதான், பாதி யோசனை. ஏசெட் என்ற நுழைவுத் தேர்வு 100 மார்க்குக்கு, மூன்று மணி நேரம். பள்ளிக் கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். உங்களுக்கு அது பெரிய மலை இல்லை. மலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. சி.எம்.1 என்ற தாள், மேலே நாம் போட்ட தண்டல் கணக்கும் புதுமைப் பெண் கணக்கும் கொஞ்சம் வளர்ந்து மீசை வைத்த மாதிரி இருக்கும். சி.எஸ்.1 முழுக்கப் புள்ளியியல். இரண்டிலும் கம்ப்யூட்டரில் செய்து காட்டும் பகுதி தனியாக உண்டு, ஒன்றில் எக்செல், மற்றதில் ஆர் என்ற மென்பொருள். இப்படித் தாள் மேல் தாளாக, முழுத் தகுதி பெறப் பல வருடம் ஆகும். நான் ஒரே தாளில் மூன்று தடவை தோற்றிருக்கிறேன். மூன்றாவது தடவை ரிசல்ட் வந்த அன்று அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். தேர்வுக் கட்டணமும் சின்னத் தொகை இல்லை. ஆனால் வேலையில் சேர்ந்தபின் தேர்ச்சி பெற்ற தாளுக்குப் பணத்தைத் திருப்பித் தந்து, படிக்க லீவும் தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. அதனால் நான் சொல்வது, மூன்றாம் ஆண்டில் ஏசெட் எழுதுங்கள். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒன்றிரண்டு தாள் முடியுங்கள். மீதி, சம்பளம் வந்த பிறகு. வேறு படிப்பே வேண்டாம், ஆக்சுவரி மட்டும் போதும் என்று வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நாலு வருடம் கழித்துப் பாதித் தாளோடு, வேலை அனுபவமும் இல்லாமல் நிற்பது கஷ்டம்.

எம்.பி.ஏ.வை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. கேட் எழுதிப் பெரிய இடத்தில் கிடைத்தாலோ, டான்செட் வழியாக அரசுக் கட்டணத்தில் நல்ல கல்லூரி கிடைத்தாலோ அது வேறு பேச்சு. ஊருக்கு ஊர் இருக்கும் கல்லூரிகளில் கடன் வாங்கிச் சில லட்சங்கள் கட்டி வாங்கும் எம்.பி.ஏ., உங்கள் கையில் இப்போது இருக்கும் கணிதத்தைவிட அரிதான பொருள் இல்லை. இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் அதே வகுப்பில் உங்களுக்குப் புரிவது வேறாக இருக்கும். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் அதற்கும் முதலில் ஏ.பி.ஆர். போட்டுவிட்டு வாங்குங்கள்!

பி.எட். எங்கும் ஓடிப்போகாது. 25 வயதிலும் சேரலாம். அம்மா அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிச் சண்டை போடாமல், இது முதலில், அது அப்புறம் என்று சொல்லிப் பாருங்கள்.

கம்ப்யூட்டருக்கு, எக்செல்லும் பைத்தானும் போதும். வீட்டில் லேப்டாப் இல்லையென்றால் கல்லூரி லேபில் மாலை ஒரு மணி நேரம் உட்கார ஹெச்.ஓ.டி.யிடம் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். நான் முதல்வன் திட்டத்தில் வரும் படிப்புகளில் டேட்டா சம்பந்தமாக எது வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். என்.பி.டெல்.லில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் நிகழ்தகவுப் பாட வீடியோக்கள் இலவசமாகவே இருக்கின்றன. ‘நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று போஸ்டர் ஒட்டியிருக்கும் பயிற்சி மையங்களுக்கு மட்டும் அப்பாவின் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

ஆங்கிலம். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலம் ரொம்பச் சின்ன ஆங்கிலம். அதே இருநூறு முந்நூறு சொல்தான் திரும்பத் திரும்ப வரும், ஆறு மாதத்தில் பழகிவிடும். நிகழ்தகவு, திட்டவிலக்கம் என்று தமிழில் படித்ததில் ஒரு லாபம்கூட உண்டு. சொல்லிலேயே பாதிப் பொருள் இருப்பதால் கருத்து உங்களுக்கு ஏற்கெனவே உள்ளே இறங்கியிருக்கும், மாற்ற வேண்டியது பெயரைத்தான். கஷ்டம் வேறு இடத்தில். வேலையில் கணக்கைப் போட்டபின், கணக்குத் தெரியாத ஒருவருக்கு அதை அரைப் பக்கத்தில் எழுதிப் புரியவைக்க வேண்டும். ஆக்சுவரி தேர்வில் இதற்கென்றே சி.பி.3 என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள், நல்ல கணக்குப் புலிகள் தடுக்கி விழும் தாள் அது. நான் மூன்று தடவை தோற்றேன் என்றேனே, அது இந்த மாதிரித் தாள் இல்லை என்பது மட்டும் எனக்கு இன்னும் ஒரு சின்ன கர்வம். இதற்குப் பயிற்சியை ஆங்கிலத்தில் தொடங்க வேண்டாம். முதலில் தமிழில், அப்பாவிடம் தொடங்குங்கள். கடை ஓய்ந்த நேரத்தில் அந்தத் தண்டல் நோட்டை வாங்கி, பத்து எப்படி 77 ஆகிறது என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள். சூத்திரம் எழுதக் கூடாது. அவர் “அட!” என்று சொல்லும்வரை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அவர் “தெரியும்மா, தெரிஞ்சுதான் வாங்கறேன்” என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். விடிகாலை நாலரை மணிக்குப் பால்காரருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும் என்றால் எந்த வங்கியும் திறந்திருக்காது. ஜாமீன், பத்திரம், பத்து நாள் அலைச்சல் எதுவும் தண்டலில் இல்லை. அந்த 77-இல் ஒரு பங்கு இந்த வசதிக்கான விலை. அதைப் புரிந்துகொள்ளாமல் வெறும் சதவீதத்தை மட்டும் நீட்டினால் அவர் டம்ளர் கழுவப் போய்விடுவார். அதனால் அவரிடம் பேசுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் சிறு கடைகளுக்குக் கடன் தருகிறார்கள். உங்களுக்குப் பணம் வரும் வங்கிக் கிளையிலேயே போய், அப்பாவின் கடைக்கு 10,000 ரூபாய் வேண்டும் என்றால் என்ன ஏ.பி.ஆர்., என்னென்ன காகிதம், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளையும் தண்டல் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.